எலிப்பெட்டியைச் சுற்றி நான் தூவிய பொடி

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் குடியிருந்து வேலை பார்த்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கே எலி எண்ண வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார். மாதத்தில் மூன்று நாள் வரிசையாகத் தகரப்பெட்டி வைப்போம். உள்ளே சுட்ட தேங்காய்ச் சில்லு. மாட்டிய எலியைக் காலையில் துணிப்பைக்குள் கொட்டி, அடையாளத்துக்குக் கால்விரலைக் கத்தரியால் நறுக்கி, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வருடக்கணக்கில் எந்த எலி கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒருமுறை பெட்டிக்குள்ளிருந்த வெள்ளெலியை எறும்பு மொய்த்துக் கண்ணைத் தின்றிருந்தது. இன்னொன்று இப்படிச் செத்தால் சார் என்னை நிறுத்திவிடுவாரோ என்று, எறும்பு அதிகமிருந்த மேற்கு வரிசைகளில் ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் எறும்புப்பொடி தூவத் தொடங்கினேன். சாரிடம் சொல்லவில்லை; அவர் வரும் நாளில் சருகைத் தள்ளி மூடிவிடுவேன். எறும்பு நின்றது. அடுத்தடுத்த வருடங்களில் மேற்கே வெள்ளெலியும் குறைந்துகொண்டே போனது. கிழக்கே குறையவில்லை. இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

யோசித்தவர் தோப்பின் சொந்தக்காரர்.

"ஏனம்மணி, எலிக்குக் கோலம் போடறயா?"

"எறும்புக்குங்கய்யா."

அவர் சிரித்துவிட்டார். "அட கெரகமே! கால்ல புண்ணோட இதுல ஓடறது நக்காம இருக்குமா? அதான் இந்தப் பக்கம் ஒண்ணையும் காணோம்."

பொடி டப்பாவை முந்தானைக்குள் மறைத்தேன்.

"கெழக்காலயும் தூவிப்போடு."

"வெள்ளெலி மரமேறாதுங்கய்யா. குரும்பையக் கடிக்கறது மேல இருக்கற கருப்பெலிங்க. இது பாட்டுக்குப் பொந்துல கெடக்குதுங்க."

"எலின்னா எலிதான் கண்ணு. முடியாதுன்னா சொல்லு, நீ பண்ணுனத வாத்தியார்கிட்ட நானே சொல்லிப்போடறேன்."

அன்றே தூவினேன். மேற்கே தூவியதைவிடக் கெட்டியாக.

அடுத்த மாதம் சாரோடு கிழக்கு வரிசையில் போனேன். பெட்டி பெட்டியாகக் காலி. ஒன்றில் மட்டும் ஒரு வெள்ளெலி கால்கள் இழுத்துக்கொண்டு கிடந்தது. முன்னங்காலில் இரண்டு விரல் இல்லை. போன மாதம் நான் நறுக்கியது.

"மத்ததெல்லாம் எங்கீங்கக்கா போச்சு?"

"மழையில்லீங்களே சார்."

நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எலியைக் கையில் எடுத்தார். "பெட்டிய நேரமே தொறக்கலீங்களா? வெயில் பட்டிருக்குது பாருங்க."

வெயில் இன்னும் மரத்தடிக்கு வந்திருக்கவில்லை.

"ஆமாங்க சார். என் தப்புத்தானுங்க."

"எத்தன தடவ சொல்றது? இதும் ஒரு உசுருதானுங்கக்கா!"

எலி அவர் கையிலேயே அடங்கியது. வரிசை முடியும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அவர் திட்டத் திட்ட எனக்குப் பயம் தெளிந்தது. பொடியைப் பற்றி அவர் கேட்கவில்லை.