பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

அன்னூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடுக்கும் வீடியோக்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும். அவற்றின் நகலை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வீட்டு பீரோவில் வைத்திருந்தேன். கடைக்கு ஏதாவது ஆனாலும் அது தப்பிக்கட்டும் என்றுதான்.

ஆயுத பூஜையன்று என் மனைவி, "அதுவும் நமக்குச் சோறு போடறதுதானுங்களே" என்றாள். டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துச் சந்தனப் பொட்டிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாதென்று அங்கேயே விட்டுக் கடையைப் பூட்டினேன். அன்றிரவு மின்கசிவில் கடை எரிந்தது. இரண்டுமே போயின.

அந்த வாரமே சாந்தாக்கா வந்தார். அவர் மகள் கீதாவின் கல்யாணத்தை நான்தான் படம்பிடித்தேன். எடிட்டிங் முடியுமுன்பே கீதா காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

"புருசன் இல்லாதவன்னு நான் மேடை ஏறலைங்க தம்பி. தாலி கட்டறப்ப 'எங்கம்மா எங்க'ன்னு கேட்டாளாமா. அதைக் கேக்கோணுமுங்க."

நடந்ததைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. கருகிய சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க? எப்படிக் கேட்டான்னு சொல்லுங்க கண்ணு."

யோசித்தேன். அவள் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்தது மட்டுமே நினைவிருந்தது. கேமராதான் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று, நான் கேட்கவே இல்லை.