விருப்பப் பாடமாக எடுத்த பிரெஞ்சு

பி.காம் இரண்டாம் வருடத்தில் எங்கள் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். விருப்பப் பாடம் என்று அதற்குப் பெயர். ஆனால் விருப்பம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது: கம்ப்யூட்டர் அடிப்படை. மார்க் சுலபமாக வரும், வேலைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளவும் உதவும். என் பெஞ்சில் எல்லாரும் அதற்கே கை தூக்கினார்கள். 'அடிப்படை பிரெஞ்சு' என்று துறைத்தலைவர் வாசித்தபோது நான் மட்டும் தூக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சிட்டியாம்மா? அப்புறம் மாத்தித் தரச் சொல்லி வந்து நிக்கக் கூடாது."

யோசித்துத்தான் தூக்கியிருந்தேன். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா செங்கம் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்க்கிறாள். அப்பா காய்கறி வேன் ஓட்டுகிறார். கார்த்திகை தீபக் கூட்டம் ஓய்ந்ததும் அந்த கெஸ்ட் ஹவுஸ் மாடி அறைக்கு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வந்துவிடுவார். பங்குனி வெயில் ஏறத் தொடங்கும்போது ஊருக்குப் போவார். எனக்கு விவரம் தெரிந்த நாளாக இப்படித்தான். மதியம் சமையல் முடிந்த பிறகு அவர் சமையலறைக்கு இறங்கி வருவார். அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பார், கீரை ஆய்வார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அம்மா தமிழில், அவர் பிரெஞ்சில். அவருக்குத் தெரிந்த தமிழ் போதும், சாப்பாடு, மழை, நல்லா என்ற அளவுதான். அம்மாவுக்கு பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. அவருக்கு இங்கிலீஷும் அவ்வளவாக வராது.

ஒரு தடவை முதலாளி தன் போனை நடுவில் வைத்து, இதில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லும் என்றாராம். அம்மா பேசியது எங்கேயோ போய் முடிந்து, போன் ஏதோ ரயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு போனை அவர்கள் தொடவேயில்லை.

நான் பள்ளிவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்த நாட்களில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் ங்க போட்டுப் பேசும் அம்மா, தன்னைவிட வயதில் பெரிய அவரிடம் மட்டும் 'நீ' என்று பேசுவாள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். அந்த அம்மா என்னதான் சொல்கிறார், அம்மா ஏன் அப்படித் தலையாட்டிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் பிரெஞ்சு எடுத்தது அதற்காகத்தான்.

வீட்டில் சொன்னபோது அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இன்னாத்துக்கு பிரெஞ்சு? இங்கிலீசே உனக்கு ததிங்கிணத்தோம் போடுது."

"சும்மாதாம்மா. உன் பிரெண்டுகிட்ட பேசலாம்ல."

அம்மா திரும்பிக்கொண்டு சோற்றைக் கிளறினாள். பயந்துவிட்டாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

வகுப்பில் எட்டு ஒன்பது பேர் இருந்தோம். புதுச்சேரியிலிருந்து வந்து வேங்கிக்காலில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளம் ஆசிரியை பாடம் எடுத்தார். தொண்டையிலிருந்து வர வேண்டிய ஓர் எழுத்துக்காக எங்கள் எல்லாரையும் வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் எழுப்ப வைத்தார். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது. வரவு செலவு, தேய்மானம் என்று காலையெல்லாம் கழிந்த பிறகு, மேசைக்குக்கூட ஆணா பெண்ணா என்று கவலைப்படுகிற ஒரு மொழி வேடிக்கையாக இருந்தது.

அந்த வருடம் பிரெஞ்சுக்கார அம்மா வந்ததும் போய் நின்றேன். வணக்கம் சொல்லி, நலமா என்று கேட்டு, என் பெயரைச் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு மடமடவென்று பேசத் தொடங்கினார். பாதிக்குமேல் பிடிபடவில்லை. மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சினேன். அவர் நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "உன் அம்மா. இத்தனை வருடம். என்னிடம். என்ன சொல்கிறாள்?"

நான் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஒண்ணுமில்லன்னு சொல்லு. வெலவாசி பத்திப் பேசுனேன்னு சொல்லு."

அன்றிலிருந்து சமையலறையில் பேச்சு குறைந்தது. அந்த அம்மா வழக்கம்போல இறங்கி வருவார், பூண்டை எடுத்துக்கொள்வார். அம்மா நல்லா, போதும் என்று அவருடைய தமிழிலேயே அவரிடம் பேசினாள். என்னால்தான் இப்படி ஆயிற்று என்று தெரிந்தது. ஓர் இரவு, பாய் விரிக்கும்போது சொன்னேன்.

"நா அங்க வரலம்மா இனிமே. நீங்க ரெண்டு பேரும் பழைய மாதிரி பேசுங்க."

அம்மா தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "அதுக்கில்ல பாப்பா. அந்தம்மாவுக்குப் புரியாதுன்ற தைரியத்துலதான் எல்லாத்தயும் கொட்டுனேன். புரியிறவங்ககிட்ட சொல்ல முடியாதது கொஞ்சம் இருக்குது இல்ல? இப்ப நீ நடுவுல ஒக்காந்தா, அதுக்கு சொல்றது உனக்கும் சொல்ற மாதிரி ஆயிடும்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அங்கே போவதையும் நிறுத்திக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்தபின் ஒரு மதியம் அம்மாவே போன் செய்தாள். "காலேஜ் வுட்டதும் இங்க வா." போனபோது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முறத்தில் முருங்கைக்கீரை. அம்மா எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"நா சொல்றத அப்படியே சொல்லு. நடுவுல என்ன ஒண்ணும் கேக்காத."

நான் தலையாட்டினேன்.

"உனக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு பொறந்துது."

கீரையில் இருந்த என் கை நின்றுவிட்டது. நான் மூத்தவள், ஒரே பெண் என்றுதான் எனக்குத் தெரியும். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் சொன்னேன். எனக்கு முன்பு. ஒரு பெண். பிறந்தாள்.

"கீழ்பென்னாத்தூர்ல இருந்தோம். மல்லாட்டை புடுங்கற சீசனு. ஜுரம் வந்துது. பாலு குடிக்கல."

நிலக்கடலைக்கு எனக்குச் சொல் தெரியவில்லை. வயலில் வேலை என்றேன். 'அவள் பால் குடிக்கவில்லை' என்பதைத் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. அதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் உணவகம் என்ற பாடத்தில் வந்திருந்தன.

"வண்டி புடிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துகினு இருந்தோம். வழியிலயே பூடுச்சி. எம்மடியிலயே."

பிறத்தல், இறத்தல் இரண்டும் எங்கள் புத்தகத்தில் போதல், வருதலோடு ஒரே வினைச்சொல் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். பரீட்சைக்காக அந்தப் பட்டியலை ராகம் போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். மடிக்குச் சொல் தெரியாததால் என் மடியைத் தட்டிக் காட்டினேன். அழகாகச் சொல்லவோ சுற்றி வளைத்துச் சொல்லவோ எனக்கு வழியே இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகத்தான் அது வெளியே வந்தது. சொல்லச் சொல்ல எனக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அந்த அம்மா கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தார். பிறகு மிக மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். எங்கள் முதல் நாள் முதல் பாடமே அதுதான். அவள் பெயர் என்ன?

அம்மாவிடம் சொன்னேன்.

"பேரு வைக்கறதுக்குள்ளயே பூடுச்சே," என்றாள் அம்மா. கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தாள். "ஆனா நா மனசுல ஒண்ணு வச்சிருந்தேன். உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது." அந்தப் பெயரைச் சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா நேராக அம்மாவைப் பார்த்து அதைத் திரும்பச் சொன்னார். அவருடைய தொண்டையில் உருண்டு அது வேறு மாதிரி ஒலித்தது. அம்மா திருத்தினாள். அவர் மறுபடி சொன்னார். சரியாக வரும்வரை சொல்ல வைத்தாள். பிறகு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அம்மாவின் முதுகில் கை வைத்தேன். சின்ன வயதிலிருந்து என் முதுகைத்தான் அவள் தடவியிருக்கிறாள். அவள் முதுகு இவ்வளவு சிறியது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள், "அது இவ்ளோ நாளா எங்கிட்ட இன்னா சொல்லிகினு இருந்துது? கேளு."

கேட்டேன். அந்த அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. முழங்கால் வலி, தம்பி மனைவியின் குணம், பக்கத்து வீட்டுப் பூனை தன் செடியை நாசம் செய்வது, இவற்றைத்தான் அதிகம் சொன்னேன் என்றார்.

அம்மா நம்பவில்லை. "அப்ப நா அழுவும்போதெல்லாம் ஏன் நீயும் அழுத?"

அதைப் பிரெஞ்சில் சொன்னதும் அவர் தோளைக் குலுக்கினார். "நீ அழுதாய். அதனால்."

இதை மொழிபெயர்த்ததும் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "பூனையா! நா உன் புருசன் செத்த கதன்னு நெனச்சி எவ்ளோ வருத்தப்பட்டேன் தெரியுமா?" அவரும் சிரித்தார். எதற்கென்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்குப் போனோம். கிரிவலப் பாதை ஓரமாக நடக்கும்போது அம்மா தானாகவே பேசினாள்.

"உன்ன மாதிரி ஒல்லி இல்ல. தலை நெறய முடி. கையப் புடிச்சா வுடாது."

"நா பொறந்தப்ப உனக்குப் பயமா இருந்துதா?"

"பின்ன? நீ பாலு குடிக்கறவரைக்கும் எனக்கு மூச்சே வரல." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னாள், "நீ நல்லாக் குடிச்ச."

பிரெஞ்சில் சுமாராகத்தான் மார்க் வந்தது. கம்ப்யூட்டர் எடுத்தவர்கள் என்னைவிட ஜாஸ்தி வாங்கினார்கள். இப்போது நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே யாரும் என்னிடம் பிரெஞ்சு கேட்டதில்லை. அந்த அம்மா இன்னும் வருகிறார், மாடி ஏற முடியாததால் கீழ் அறையில் தங்குகிறார். ஞாயிறு மதியங்களில் நானும் போய் உட்காருகிறேன். பெரும்பாலும் அவர்கள் பழையபடி அவரவர் மொழியில் பேசிக்கொள்கிறார்கள், என்னை ஏதாவது கேட்டால்தான் சொல்கிறேன். அப்பாவிடம் அந்தப் பெயரை அம்மா சொல்லிவிட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நல்ல பேரு," என்றார். பிறகு வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.