பாதியில் மூடிய வேதபாடம்

நம் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தபோது நான் வேலப்பன்சாவடியில் பேருந்துக்காக நின்றிருந்தேன். 'நம் அன்புச் சகோதரி எஸ்தர் இன்று காலை மகிமையில் பிரவேசித்தார்.' கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: 'அடக்க ஆராதனைக்கு கீபோர்டு யாரு?' சில மாதங்களுக்கு முன் எஸ்தர் அக்காவை அதே கீபோர்டிலிருந்து எழுப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். பேருந்து வந்தது, நான் ஏறவில்லை. முதலில் வந்தது கோபம். அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

சபை இதழுக்காக அக்காவைப் பற்றி "நல்லதா நாலு வார்த்தை" கேட்டார்கள். எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதால் எதையும் மூடி எழுதத் தேவையில்லை.

அடக்கத்தன்று பேசிய எல்லோரும் அவரை 'அமைதியான சகோதரி' என்றார்கள். இறையியல் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு நம் திருமுல்லைவாயில் சபையில் நாம் கொடுத்தது பெண்கள் கூட்டமும் ஞாயிறு பள்ளியும் கீபோர்டும். கீபோர்டுக்கும் பிரசங்க பீடத்துக்கும் நடுவில் ஒரு பூச்சாடிதான் இருந்தது. அதைத் தாண்ட அவரை நாம் விட்டதேயில்லை. பேச விடாமல் வைத்திருந்துவிட்டு அமைதியானவர் என்கிறோம்.

சனிக்கிழமை மாலைகளில் பாட்டுப் பயிற்சிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். போதகரிடமிருந்து தொலைபேசி வரும். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மறுநாள் பிரசங்கத்துக்கான பைபிள் பகுதியை விளக்குவார்: இந்த வார்த்தைக்கு மூல மொழியில் என்ன பொருள், இந்தக் கதை யாரைக் கேள்வி கேட்கிறது, எந்த இடத்தில் நாம் நெளிய வேண்டும். மறுநாள் அது பீடத்திலிருந்து வரும், நெளிய வேண்டிய இடம் மட்டும் இல்லாமல். அக்கா என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா ஜெனி, புளியே ஊத்தாம கொழம்பு வெச்சிட்டாரு" என்பார்.

ஆனால் பிரசங்கத்துக்குப் பின் வரும் பாட்டைத் தேர்ந்தெடுப்பது நம் சபையில் கீபோர்டு வாசிப்பவர். போதகர் எதை விட்டாரோ அது எந்தப் பாட்டில் இருக்கிறதோ, அதை அக்கா எடுப்பார். நாம் வாய் நிறையப் பாடிவிட்டு, நல்ல பிரசங்கம் என்று போதகரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனோம்.

ஆராதனையில் பைபிள் பகுதியை, வேதபாடத்தை, வாசிக்க என்னை முதலில் நிறுத்தியதும் அவர்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாலு பேர் முன்னால் நின்று பழக்கமில்லை. வாசித்த வேகத்தில் ஓடிவந்து உட்கார்ந்துவிட்டேன். "எதுக்குடி ஓடி வர? முடிச்சதும் மூணு மூச்சு நில்லு. நீ உக்காந்துட்டா கேட்டவங்க தப்பிச்சிருவாங்க" என்றார்.

பிறகு சரோஜாம்மாவின் கடை. ஆலயத்தின் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகையில் இட்லி விற்றவர். அவர் மாமியார் காலத்திலிருந்தே அங்கே இருந்தவர்கள். ஆனால் பட்டா இல்லை. நம்மிடம் கார்கள் பெருகின. கமிட்டி பத்திரத்தைக் காட்டியது, கொட்டகை பிரிக்கப்பட்டது, சுவர் எழும்பியது. சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது சரோஜாம்மா அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, உங்க சாமிக்குக் காரு நிறுத்த எடம் பத்தலையா?" அக்கா ஒரு பாத்திரத்தைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

அந்த வாரத்துப் பகுதி, ஓர் ஏழையின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ராஜாவின் கதை. அட்டவணைப்படி வந்ததுதான், யாரும் தேடி எடுக்கவில்லை. சனிக்கிழமை தொலைபேசியில் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது: "பாஸ்டர், ராஜா யாருன்னு சொல்லாம எறங்காதீங்க. இந்த வாட்டி அது நாமதான்."

மறுநாள் வேதபாடம் வாசித்த கமிட்டிச் செயலாளர், தோட்டக்காரன் பொய்ப் பழியில் கொல்லப்பட்டு, ராஜா தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போகும் இடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். தீர்க்கதரிசி வந்து ராஜாவை நேருக்கு நேர் கேட்கிற பகுதி வாசிக்கப்படவே இல்லை. போதகர், இருப்பதில் திருப்தியாக இருங்கள் என்று பிரசங்கித்தார். எல்லாவற்றையும் இழந்த தோட்டக்காரனுக்கா அந்தப் புத்தி? பாட்டு வர வேண்டிய நேரத்தில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள்.

அடுத்த வாரமே 'சகோதரிக்கு ஓய்வு தேவை' என்று அறிவித்தார்கள். அப்போது அவர் வயிற்றில் கட்டி இருப்பது அவருக்கே தெரியாது. அது தெரிந்த பிறகு, "பாத்தீங்களா, கர்த்தரே ஓய்வு குடுத்துட்டாரு" என்று ஒருவர் ஆலய வாசலில் நின்று சொன்னார். அது யார் என்று சொன்னவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மருத்துவமனையில் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என் அடக்கத்துக்கு நீ வாசி. மேய்ப்பன் சங்கீதம் வேணாம், அதான் எல்லாருக்கும் வாசிக்கிறாங்களே. அந்தத் தோட்டத்த வாசி. பாதியில நிக்குது."

போதகரிடம் சொன்னேன். "அடக்கத்துல போய் அதையாம்மா? சங்கீதமே இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குப் பேச வராது. ஆனால் வாசிக்க வரும்.

வாசித்தேன். செயலாளர் மூடிய இடத்திலிருந்து தொடங்கினேன். தீர்க்கதரிசி தோட்டத்துக்கே போய் நிற்பதையும், கொன்றுவிட்டு எடுத்தும் கொண்டாயா என்று ராஜாவைக் கேட்பதையும் கடைசி வரி வரை வாசித்தேன். போதகர் தொண்டையைச் செருமினார். நான் நிறுத்தவில்லை. முடித்த பிறகும் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு வாசிக்க அன்று யாரும் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

வானகரத்தில் மகள் வீட்டிலிருந்து சரோஜாம்மா வந்திருந்தார். கையில் சாமந்தி மாலையோடு வாசலருகே நின்றே கேட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ பட்ச்சியே, அது உங்க புக்குலயே கீதா?"

"இருக்கு" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணாங்க."

அந்தச் சுவர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் நிழலில் ஞாயிறுதோறும் உங்கள் கார்கள் நிற்கின்றன. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய புத்தகங்களை அல்ல, பாட்டுகளையும் அல்ல. வாசித்து முடித்த பின் நிற்கிற அந்த மூன்று மூச்சை மட்டும்தான். வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வரும்போதெல்லாம் மூன்று மூச்சும் முடியும் வரை நிற்பேன். அதுவரை யாரும் எழுந்து போக முடியாது.