வெந்நீரால் வந்த மளிகைப் பணம்

1. தீர்மானம் இருக்கிறது, காசு இல்லை

"திட்டம் பாஸ் ஆயிடுச்சு சுமதி. இனிமே காசுக்கு வழி நீங்கதான் பாக்கணும்" என்றார் ஆணையர்.

ஓசூரை ஒட்டிய ஒரு நகராட்சியில் நான் வருவாய் அலுவலராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்தால் பாதி ஊர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடும். நிரந்தரத் தொழிலாளர்கள் கொஞ்சம்தான். கான்ட்ராக்டில் பெருக்குபவர்கள், லோடு ஏற்றுபவர்கள், பேக்கிங் செய்பவர்கள்தான் அதிகம். அவர்கள் வாங்கும் பாக்கெட் மாவு, எண்ணெய், சோப்பு எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. அந்த வரியைக் குறைக்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்த வரி அளவுக்கு ஒரு தொகையை அவ்வப்போது திருப்பிக் கொடுப்பது என்று மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். எந்த வருமானத்திலிருந்து கொடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வருகிற சொத்து வரி சம்பளத்துக்கும் குடிநீருக்குமே சரியாகப் போய்விடும். பட்ஜெட் கூட்டத்துக்குள் புது வருமானம் காட்டாவிட்டால் தீர்மானம் ரத்தாகிவிடும்.

ஊரிலோ செய்தி பரவிவிட்டது. என் தெருவில் ரத்தினம்மா இருந்தார். உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேடம், மளிகைக் காசு எப்ப வருதுங்க?" என்பார். "வரும்மா" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுவேன்.

2. ஈ ஓட்டிய யார்டு

ஜூஜுவாடி பக்கம் போகும் சாலையில் நகராட்சிக்கு ஒரு பெரிய காலி இடம் இருந்தது. பெங்களூருக்குள் லாரிகளை எல்லா நேரமும் விடமாட்டார்கள் என்பதால், அவை கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் வரிசையாக ரோட்டோரத்தில் நின்று கிடக்கும். இடத்தைச் சமன் செய்து, விளக்குப் போட்டு, லாரி பார்க்கிங் யார்டாக மாற்றினால் கட்டணம் வருமே என்று எழுதிக் கொடுத்தேன். ஆணையர் ஒப்புக்கொண்டார். எங்கள் இளநிலைப் பொறியாளர் நாகராஜ் ஓடியாடி வேலையை முடித்தார்.

திறந்தோம். ஒரு லாரியும் வரவில்லை. ரோட்டோரம் இலவசம் என்கிறபோது எவன் காசு கொடுத்து உள்ளே வருவான்? மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர், "யார்டுல எங்க வார்டு பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. அவங்ககிட்ட வசூல் பண்ணலாங்களா?" என்று கேட்டார். மன்றமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

3. அலுமினியக் குண்டான்

மார்கழிக் குளிர். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் எதிரே வருகிற வண்டியே தெரியாது. டிரைவர்களிடம் நேரில் பேசிப் பார்க்கலாம் என்று நாகராஜும் நானும் காலையில் கிளம்பினோம்.

பனிக்குள் ஒரு லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ் சத்தம் கேட்டது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் குண்டானில் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தார். டீக்கு என்று நினைத்தேன்.

"டீக்கு இவ்ளோ தண்ணியா மேடம்? குளிக்க" என்றார். பெயர் பெருமாள், ஊர் சிங்காரப்பேட்டை. "நாலு நாளாச்சு குளிச்சு. இந்தக் குளிருல பச்சத் தண்ணிய ஊத்துனா அவ்ளோதான். இதுல பாதிய கிளீனருக்கு குடுக்கணும்."

சாலை நெடுக நடந்தோம். இன்னும் மூன்று நான்கு இடங்களில் அதே ஸ்டவ், அதே குண்டான். திரும்பி வந்து பெருமாளிடம் கேட்டேன். "யார்டுக்குள்ள வெந்நீரும் குளியலறையும் கட்டுனா காசு குடுத்து வருவீங்களா?"

அவர் யோசித்தார். "வருவோம். ஆனா பில்லுல குளியல்னு தனியா போடாதீங்க."

"ஏன்?"

"பார்க்கிங்னு இருந்தா ஓனரு குடுத்துருவாரு. குளியல்னு இருந்தா என் பேட்டாவுல புடிச்சிப்பாரு."

நாகராஜ் சிரித்த சிரிப்பில் கிளீனர் பையன் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். ஆனால் பெருமாள் சொன்னது நேர்மையான கணக்குதான். இடத்துக்குத்தான் கட்டணம், வெந்நீர் அதோடு சேர்ந்த வசதி. பில்லிலும் அப்படியே அச்சடித்தோம்.

4. பேலட் கட்டை

குளியலறைகளைக் கட்டிவிட்டோம். தண்ணீர் காய வைக்க வாங்கிய சோலார் ஹீட்டர் பனியில் வேலை செய்யவில்லை. கேஸ் கட்டுப்படியாகாது. நாகராஜ்தான் வழி கண்டுபிடித்தார். கம்பெனிகளில் இயந்திரங்களை அடியில் தாங்கி வரும் மரப் பலகைத் தட்டுகள், அதாவது பேலட்டுகள், உடைந்து மலையாகக் குவிந்து கிடக்கும். அதை அப்புறப்படுத்த அவர்களே ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டைகளை எரிக்கிற பெரிய பாய்லர் ஒன்றை வைத்தோம்.

முதல் நாள் பெருமாள் வந்தார். மறுநாள் அவர் சொல்லி நாமக்கல் வண்டிகள் வந்தன. பிறகு கர்நாடகா வண்டிகள் கேட்டில் நின்று, "பிசி நீரு இதெயா?" என்று கேட்டுவிட்டு, வெந்நீர் உண்டு என்றதும் உள்ளே திருப்பின. தை மாதம் முடிந்தபோது யார்டில் இடமில்லை என்று போர்டு வைக்க வேண்டியதாயிற்று. ரோட்டோர நெரிசலும் குறைந்தது. அதை நாங்கள் திட்டமிடவே இல்லை.

பட்ஜெட் கூட்டத்தில் வருமானத்தைக் காட்டினேன். அதே கவுன்சிலர் எழுந்தார். "இன்னும் ரெண்டு பாத்ரூம் சேத்துக் கட்டுங்க மேடம். எங்க மச்சான் வண்டிக்கு நேத்து இடம் கெடைக்கல" என்றார்.

5. சமுதாயக் கூடம்

முதல் தொகை கொடுத்த அன்று சமுதாயக் கூடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒன்றாகக் கேட்டது. ரத்தினம்மா ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். கையெழுத்துப் போடும் முன் நிமிர்ந்து பார்த்தார்.

"இது லோன் இல்லீங்களே மேடம்?"

"இல்லம்மா. நீங்க மளிகைக் கடையில கட்டுன வரிதான். திரும்பி வருது."

"யாரு குடுக்கறாங்க?"

லாரிக்காரர்கள் குளிக்கிற காசு என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் பின்னால் திரும்பி வரிசையில் நின்ற பெண்களுக்குத் தெலுங்கில் சொன்னார். சிரிப்பு வரிசையின் கடைசி வரை போனது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். வசூல் செய்யக் கிளம்பும் முன், காசு கொடுக்கப் போகிறவருக்கு என்ன வேண்டும் என்று நேரில் போய்க் கேளுங்கள். நாங்கள் யார்டைக் கட்டிவிட்டுக் கேட்டோம். கேட்டுவிட்டுக் கட்டியிருந்தால் பட்ஜெட்டுக்கு முன் அவ்வளவு திண்டாடியிருக்க வேண்டாம்.

ரத்தினம்மா கையெழுத்துப் போட்டார். பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வாசல் வரை போனவர், நின்று திரும்பினார்.

"மேடம், அந்த டிரைவருங்கள தெனமும் ரெண்டு வேள குளிக்கச் சொல்லுங்க."