நல்ல விளிம்பு விழுந்த பக்கம்

வெட்டி முடித்த தகடு ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கையுறையைக் கழற்றிவிடுவார். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மேலிருந்து கீழாக ஒரு முறை, நீளவாக்கில் ஒரு முறை இழுப்பார். கண்கள் அப்போது கூரையில் இருக்கும். நகம் தடுக்காமல் போனால் "ம்" என்பார். தடுக்கினால், தகட்டின் முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

பட்டறையில் அவருக்குப் பெயர் அரை மில்லி. எதைக் கேட்டாலும் அரை மில்லிமீட்டரில்தான் பதில் வரும். உடம்பு எப்படி என்றால், "அரை மில்லி தள்ளியிருக்கு." மகள் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். "தங்கமான பையன். பேச்சுதான் அரை மில்லி அதிகம்."

அவருடைய மேசை இரண்டு ஆள் நீளம். அடியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் மேல் இரும்புப் பட்டைகள், பட்டைகளின் மேல் தகடு. கம்ப்யூட்டர் சொன்ன பாதையில் பிளாஸ்மா டார்ச் தானாக நகரும். அதன் நுனியிலிருந்து மின்சாரம் ஏறி நெருப்பாகிவிட்ட காற்று ஊசியாக இறங்கி, இரும்பை உருக்கி, உருகியதை ஊதித் தள்ளும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு நீல நட்சத்திரம் சோம்பலாக நடைபோவது மட்டும் தெரியும். முதுகைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தாலோ, நீரில் பட்ட வெளிச்சம் தகரத்தின் மேல் அலை அலையாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பட்டறை ஏதோ ஓர் ஏரியின் அடியில் கிடப்பது போலவும், ஆட்கள் நீருக்குள் நடப்பது போலவும் இருக்கும். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து டார்ச் வெட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். புதுத் துணியை நேராகக் கிழிக்கும் சத்தம் வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

காலையில் வந்ததும் கம்ப்ரஸரின் அடித்திருகைத் திறந்து, இரவில் சேர்ந்த தண்ணீரை வடிப்பார். பிறகு காற்றுக்குழாயை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் ஊதவிட்டு, காகிதத்தை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் அன்றைக்கு வேலை தொடங்காது. "ஈரக் காத்து பொய் சொல்லும்." டார்ச்சின் நுனியில் மாட்டும் நாசிலைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, அதன் துளை வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பார். வட்டம் முட்டையானால் மாற்றிவிடுவார். தேய்ந்த நாசில்களைத் தூக்கி எறிவதில்லை. மருந்துப் புட்டி ஒன்றில் போட்டு வைக்கிறார். எதுக்கு என்றால், "உழைச்சவங்க" என்கிறார்.

வேகத்தைப் பற்றி அவரிடம் ஒரு பேச்சு உண்டு. "மெதுவாப் போனா இரும்பு அழும். வேகமாப் போனா பல்லைக் கடிக்கும்." மெதுவாகப் போனால் தகட்டின் அடியில் கசடு சொட்டுச் சொட்டாகத் தடித்துத் தொங்கும். தட்டினால் விழுந்துவிடும். வேகமாகப் போனால் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு உளிக்கும் அசையாது. இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு வேகத்தில் இரும்பு அழவும் அழாது, பல்லையும் கடிக்காது. அந்த வேகம் ஒவ்வொரு தகட்டுக்கும் வேறு. அதைக் காதால் பிடித்துவிடுகிற மனிதர் அவர்.

அப்படிப்பட்டவருடைய விளிம்பு கெட்டுவிட்டது. நான்கு மாதமாக. அவர் மனைவி இறந்து நான்கரை மாதம்.

தெருவிளக்குக் கம்பங்களுக்கான அடித்தகடுகள் அவை. சதுரத் தகடு, நடுவில் கம்பம் நுழைய ஒரு பெரிய துளை, நான்கு மூலையிலும் நான்கு சிறிய துளைகள். துளையின் சுவர் நேராக நிற்கவேண்டும். இவர் வெட்டியதோ புனல் போல மேலே அகன்று, கீழே ஒடுங்கிப் போயிருந்தது. சோதனை அதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறையாக இன்று மூன்று மணிக்கு வருகிறார்.

பட்டறையின் முதலாளியம்மா அரை மில்லியின் மகளுக்குப் போன் செய்திருந்தாள். "இன்னிக்கும் தள்ளிட்டாங்கன்னா மேசைக்கு நான் வேற ஆள்தான் பாக்கணும். அண்ணனை ஸ்டோர்ல உக்கார வச்சுக்கிறேன். ஆனா இதை அவர்கிட்ட சொல்ல எனக்கு நாக்கு வராது. நீ படிச்ச பொண்ணு, பம்பு கம்பெனியில இதே வேலைதானே பாக்குற. வந்து பாரேன்."

"வரேன் அத்தை" என்றாள் மகள்.

வீட்டில் அவர் இப்போது ரேடியோ வைப்பதில்லை. சாப்பிட்டீர்களா என்றால் தலையாட்டுவார். மேசையும் போய்விட்டால் அவருக்கு விடிகிற பொழுதில் எழுந்திருக்க ஒரு காரணமும் மிஞ்சாது என்பது மகளுக்குத் தெரியும்.

அவள் வந்தபோது, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மட்டமாக்கும் கிரைண்டர்காரர் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் உங்க தகடு வந்தா நான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன் அண்ணே. இப்ப எனக்கு முதுகு போச்சு. எம்மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"தேய்க்கத் தேய்க்கத்தான் உனக்குச் சோறு செரிக்குது. பேசாம தேய்" என்றார் அவர். குரலில் பழைய காரம் இருந்தது. ஆனால் முகம் சுவரைப் பார்த்த தகடுகள் வரிசையாகப் பதினேழு.

மகள் பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காகிதத்தில் ஈரம் இல்லை. நாசில் புதிது, துளை வட்டம். டார்ச்சின் உயரத்தை அளந்தாள். சரி. டார்ச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள். நின்றது. வேகமும் சரி, மின்சார அளவும் சரி. எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே நாலு தடவை பார்த்திருந்தார். அவள் ஒவ்வொன்றாக அளக்கும்போது பக்கத்தில் நின்று, அளவுகோலைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னார்.

பட்டியல் தீர்ந்ததும் அவள் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். துளை வெட்டும்போது நடுவிலிருந்து விழும் வட்டத்துண்டுகள் அடியில் கிடக்கும். துருவேறிய வெதுவெதுப்பான தண்ணீரில் துழாவி ஒன்றை எடுத்தாள். பக்கமெல்லாம் பாவாடை போல விரிந்த தகடுகளைக் காலையிலிருந்து பார்த்திருந்த கண்ணுக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. விளிம்பு கண்ணாடி. கசடே இல்லை. இன்னொன்றை எடுத்தாள், இன்னும் ஒன்று. எல்லாம் அப்படியே.

"அப்பா, இதைத் தொட்டுப் பாருங்க."

நகத்தை இழுத்தார். "ம்" என்றார். பிறகு கையிலிருப்பது கழிவு என்று உறைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டார்ச்சிலிருந்து காற்று சுழன்றுகொண்டு இறங்கும். அதனால் அது போகும் திசைக்கு வலப்பக்கம் விளிம்பு நேராகவும், இடப்பக்கம் சாய்வாகவும் அமையும். வலப்பக்கம் நமக்கு வேண்டிய துண்டு இருக்கும்படி டார்ச் சுற்றிவர வேண்டும். இது அவருக்கு உறக்கத்திலும் தெரியும். இங்கே டார்ச் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு மாதமாக நல்ல விளிம்பு முழுவதும் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது.

"இது எப்படிப்பா தலைகீழாச்சு?"

அப்போதுதான் அவள் பேனலைக் கவனித்தாள். சக்கரம் வைத்த அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி எப்போதும் மேசைக்குத் தெற்கே நிற்கும். இப்போது வடக்கே நின்றது. கேபிள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

"வெளிச்சம் கண்ணுல அடிச்சுது. தள்ளி வச்சேன்" என்றார். "இந்தப் பக்கம் நின்னா, இடது பொத்தானை அமுக்கினா டார்ச் வலதுல ஓடுது. அதனால பேனல்ல இட வலத்தைத் திருப்பிவிட்டேன்."

"முன்னே பின்னேயை?"

"அது பழகிடுச்சு. விட்டுட்டேன்."

அவள் பழைய இடத்தில் போய் நின்று பார்த்தாள். எந்த வெளிச்சமும் கண்ணில் அடிக்கவில்லை. நேர் எதிரே தெருவாசல் இருந்தது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நெருப்பை அணைச்சாச்சா, நான் வரலாமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டு நிற்கும் வாசல். தான் வேலை பார்த்த மருந்துக்கடையில் கல்லாவை விட்டு அம்மா தினமும் வந்தது அரை மணி நேரத்துக்கு. இப்போது அங்கே வெயில் மட்டும் சதுரமாக விழுந்திருந்தது. மகளும் அன்று சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் வந்திருந்தாள்.

திரும்பிவந்து, சொல்லவேண்டியதை மட்டும் சொன்னாள். "மேசைக்கு மறுபக்கம் போனா இட வலமும் மாறும், முன்னே பின்னேயும் மாறும்பா. நீங்க ஒன்னை மட்டும் திருப்பினதால படம் நிலைக்கண்ணாடியில தெரியிற மாதிரி ஆயிடுச்சு. வெட்டினதெல்லாம் சதுரமும் வட்டமுமா இருந்ததால உருவம் மாறினது யாருக்கும் தெரியல. சுத்துற திசைதான் மாறிப்போச்சு."

அவர் வெகுநேரம் வட்டத்துண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எதிர்ப்பக்கமா சுத்துறதை நீங்க பாக்கவே இல்லையா?"

"கண்ணு பாத்துச்சும்மா. நான் பாக்கல."

"பேனலைப் பழைய இடத்துக்கே தள்ளிடலாமா? இல்ல, இங்கேயே வச்சு இன்னொன்னையும் திருப்பட்டுமா? ரெண்டும் ஒன்னுதான்."

கம்ப்ரஸர் ஒரு சுற்று ஓடி நின்றது. கூரையில் நீரின் நிழல் அசைந்து அசைந்து அடங்கியது. "இங்கேயே இருக்கட்டும்மா" என்றார்.

அவள் இரண்டாவதையும் திருப்பினாள்.

மூன்று மணிக்கு வந்த அதிகாரி கைவசமிருந்த கம்பத்துண்டை, அதற்குள் புதிதாக வெட்டி வைத்திருந்தவற்றில் முதல் தகட்டின் துளையில் இறக்கினார். அது மூச்சு விடுவது போன்ற சத்தத்தோடு இறங்கி நேராக நின்றது. அவர் மூலைமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு, சாக்குக்கட்டியால் சரிக்குறி போட்டார். ஏழு தகடு, ஏழு குறி. மீதியை இப்படியே வெட்டி அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதலாளியம்மா அதிகாரி போகும்வரை பொறுத்திருந்தாள். "என்னதான் தப்பாம் அண்ணே? மெஷினா?"

"மெஷின் பாவம்மா. சொன்னதைச் செஞ்சுச்சு. தப்பு என்னோடது. பாதி திரும்பிட்டு நின்னுட்டேன்."

"சரி, மேசையை நீங்களே பாத்துக்குங்க. பொண்ணை மட்டும் அடிக்கடி வரச் சொல்லுங்க" என்று அவள் உள்ளே போனாள். கிரைண்டர்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, தனக்கு வேலை போய்விட்டதாக ஊருக்கே கேட்கும்படி புலம்பினார்.

அடுத்த தகட்டை ஏற்றினார்கள். அவர் பொத்தானை அமுக்கினார். நீல நட்சத்திரம் இறங்கி, சரியான பக்கமாக நடக்கத் தொடங்கியது. துணி கிழியும் சத்தம். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் பேனலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆணியில் தொங்கிய இன்னொரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் பக்கவாட்டில் நீட்டினார். பிறகு தெருவாசலுக்கு முதுகு காட்டி நின்றபடியே, தன் பக்கத்தில் ஒருவர் நிற்கும் அளவுக்கு நகர்ந்து இடம்விட்டார்.