இரண்டு நிறப் பொத்தான்

பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அதன் வரவேற்பு மேசைக் கணினித் திரையில், இளம்பச்சையில் தொடங்கி மஞ்சளில் முடியும் பொத்தான் ஒன்று இருக்கிறது. போன வாரம் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கப் போனபோது அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதைச் செய்தது என் மைனி, அண்ணனின் மனைவி.

அண்ணன் வளைகுடாவில். மைனி அப்போது காரோடு கிராமத்தில் எங்களோடு இருந்தார். குழந்தை பிறந்தபின் விட்ட கணினி வேலையைத் திரும்பப் பிடிக்க வேண்டுமென்று அவருக்கு அப்படி ஒரு தவிப்பு. நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்த்த சின்ன நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யும்படி அவரைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. இந்தக் கூடத்துக்கான திரை பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். மைனியோ ஒற்றைச் சொல் ஆள். அண்ணன் போனில் “சுகமா?” என்பார். காய்ச்சலில் கிடந்தாலும் பதில் “சுகம்”தான். மிச்சத்தை அண்ணன் தாமே கற்பனை செய்துகொள்வார்.

கணினித் திரைகளை எழுதும் நிரல்மொழியிலும் அப்படி ஒரு வசதி உண்டு. மேற்கோள் குறிக்குள் ஒரு நிறத்தின் பெயரை எழுதினால் போதும். உள்ளே இருக்கும் ‘மாற்றி’ என்ற பகுதி அந்தச் சொல்லை வாங்கி, பூசுவதற்கான தூரிகையாக ஆக்கிவிடும். கமா போட்டு நான்கு எண்கள் எழுதினால் பொத்தானைச் சுற்றி நாலு பக்கமும் விடவேண்டிய இடைவெளியும் தயார். அந்த நம்பிக்கையில் மைனி, திரையைக் காட்டவேண்டிய காலையில், இரண்டு நிறங்களைக் கமா போட்டு ஒரே மேற்கோளுக்குள் எழுதிவிட்டார். திரை திறக்கவே இல்லை.

“நாலு நம்பருக்கு கமா போட்டா எடுக்கு. ரெண்டு நெறத்துக்கு எடுக்கல்லியே மக்கா!” என்று மைனி கணினியை என் பக்கம் திருப்பினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

“இதுக்கு ஒத்த வரி பத்தாது மைனி. பொத்தானுக்க உள்ள தொறந்து, எங்க தொடங்கணும், எங்க முடியணும், எந்த எடத்தில எந்த நெறம்னு தனித்தனியா எழுதணும்” என்றேன். எழுதினார். பச்சை மெல்ல மஞ்சளாகி வந்தது.

திரை எல்லோருக்கும் பிடித்தது. முதலாளி காணொளியில் சிரித்தபடி, வேலை நிரந்தரம், ஒன்பதிலிருந்து ஆறுவரை, “ஓக்கே அல்லே?” என்று மலையாளத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த நான் பயந்தேன். மைனி “ஓக்கே” என்றுதான் சொல்வார். குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

மைனி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, “ஓக்கே அல்ல, சார்” என்றார். மூன்றரைக்குக் குழந்தை பள்ளியிலிருந்து வரும். அதுவரை இருப்பேன், நடுவில் எழுந்துபோவேன், அந்தியில் திரும்ப உட்கார்ந்து முடித்துத் தருவேன், சம்பளம் குறையக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாளி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனுக்கும் “சுகம்” என்ற ஒற்றைச் சொல் பதில் கிடைக்கவில்லை. பாவம், முக்கால் மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மைனி திருவனந்தபுரத்தில், அதே வேலையில். கூடத்தில் நின்றபடியே அந்தப் பொத்தானைப் படம் எடுத்து அனுப்பி, “சுகமா மைனி?” என்று கேட்டிருந்தேன். உடனே குரல்செய்தி வந்தது.

“சுகம் உண்டு மக்கா. ஆனா கேளு…”

ரத்தம் கொடுத்துவிட்டு அம்மா, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்துவிட்டார். குரல்செய்தியில் மைனி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.