கெங்கம்மாவைத் திட்டினேன், அவள் கேட்டாள்

பாம்பு கடித்து என் வீட்டுக்காரர் சாகவில்லை. அவரைப் பிழைக்க வைத்த குழாயால்தான் சாகப் பார்த்தார். நீங்களும் கெங்கம்மா சாமியை நம்புகிறவர்கள், அதனால் பொறுமையாகக் கேளுங்கள். நான் கும்பிட்டதையும் சொல்வேன், கோபப்பட்டதையும் சொல்வேன்.

என் பெயர் கன்னியம்மா. பிச்சாட்டூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம். போன தை மாதம் ஒரு சாயங்காலம், த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் என் வீட்டுக்காரர் முனிரத்தினம் மோட்டார் போடப் போனார். ஷெட்டுக்குள் நல்ல பாம்பு காலில் கடித்துவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். அதற்குள் கண் இமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது, மூச்சு இழுக்க முடியவில்லை. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். விஷம் முறிந்தால் தானாக மூச்சு வந்துவிடும், குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். சொன்னபடியே விரல் அசைந்தது, கண் திறந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் காய்ச்சல் வந்தது. குழாயில் மஞ்சளாகச் சளி. பாம்புக்கடிக்கு வந்த மனிதனுக்கு நெஞ்சில் சீழ் எப்படி வந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். "ஏமி காதம்மா, இன்ஃபெக்ஷன்" என்று தெலுங்கில் சொன்னது ஒரு நர்ஸம்மா. ஒன்றுமில்லையாம், வெறும் இன்ஃபெக்ஷனாம். ஒரு டாக்டர் மேலே கையைக் காட்டிவிட்டுப் போனார். சாமி மேல் பழியைப் போடுவதற்கு அவ்வளவு படிப்பு எதற்கு?

அது போதாதென்று எங்கள் சொந்தக்காரர்கள். பஸ் கம்பியைப் பிடித்த கையோடு உள்ளே போய்க் கன்னத்தைத் தடவினார்கள், குங்குமம் வைத்தார்கள், குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள். தடுக்க ஆளில்லை. என் கொழுந்தன் சேகர், கெங்கம்மா கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலில் கொண்டுவந்து, குழாய் இருக்கிற வாயில் பஞ்சால் நனைத்து விடப் போனான். நான் கையைத் தட்டிவிட்டேன். பாட்டில் தரையில் உருண்டது.

அண்ணி தீர்த்தத்தையே தட்டிவிட்டாள், இனி அண்ணன் பிழைத்த மாதிரிதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் ஜாத்திரைத் திருவிழாவில் வேஷம் கட்டினவர்கள் கெங்கம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதுவும் வேண்டுதல்தான். பெண்பிள்ளை நான், அதுவரை ஒருநாளும் திட்டியதில்லை. அன்று திட்டினேன்.

"அடியே கெங்கம்மா, பாம்புகிட்ட இருந்து காப்பாத்தி, இங்க கொண்டாந்து சாவடிக்கிறியா? வருஷா வருஷம் கூழு துன்னுகினு கண்ண மூடிக்கினு கீறியா? உன் பேரச் சொல்லிக்கினு அழுக்குக் கையோட வர்றவன நிறுத்த உனக்கு வக்கில்லியா? எனக்கு ஒரு பதில் சொல்லு."

பக்கத்தில் ஏர்பேட்டு ஊர்க்கார அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மகளும் உள்ளே மெஷினில்தான் இருந்தாள். சாமி குத்தம் ஆகிவிடும் என்று பயந்து என் வாயைப் பொத்தினாள்.

அந்த வழியாகப் போன ஒரு பெண் டாக்டர் நின்றார். யாரைத் திட்டுகிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். குழாய் உள்ளே இருக்க இருக்க, கிருமி அதன் மேல் வழவழவென்று படலம் கட்டுமாம். அங்கிருந்து நுரையீரலுக்கு இறங்குமாம். மோட்டார் பைப்பில் பாசி பிடிக்கிற மாதிரியா என்றேன். அதேதான் என்றார். இவருடைய குழாய் சளியில் அடைத்துப்போனதால் மாற்றியே ஆக வேண்டும். வெள்ளி பூசிய குழாய் கொஞ்சம் வந்திருக்கிறது, அதில் கிருமி சுலபமாக ஒட்டி வளராது என்றார்.

"அது மட்டும் போதாதும்மா. மருந்தும் வேணும், தொடறவங்க கை சுத்தமும் வேணும். பொழைச்சுடுவார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வந்த நாளிலிருந்து என்னிடம் ஒளிக்காமல் பேசியவர் அவர் ஒருத்தர்தான். பதில் கேட்டேன், பதில் வந்துவிட்டது.

குழாயை மாற்றினார்கள். மருந்தை மாற்றினார்கள். தலைமாட்டை உயர்த்தி, வாயைத் துடைத்துச் சுத்தமாக வைத்தார்கள். நான் வாசலில் காவல் நின்றேன். சேகர் மறுபடி குங்குமத்தோடு வந்தான். கை கழுவுகிற குழாயடியைக் காட்டினேன்.

"சாமி குங்குமத்துல இன்னா அழுக்கு, அண்ணி?"

"குங்குமத்துல இல்லடா. உன் கையில கீது."

முறைத்தான். ஆனால் கழுவினான்.

மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் தொண்டை கரகரக்க முதலில் கேட்டது, "மோட்டார ஆஃப் பண்ணியா?" இத்தனை பாடுபட்டவளைக் கேட்கிற கேள்வியா இது என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

ஏர்பேட்டு அம்மாளின் மகளுக்கும் அதே காய்ச்சல்தான். அவளுக்கு மாற்ற வேண்டி வந்தபோது அந்த வெள்ளி பூசிய குழாய் தீர்ந்துபோயிருந்தது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இந்த வருஷம் ஜாத்திரையில் பொங்கல் வைத்தேன். என் தாலியைக் காப்பாற்றியவள் கெங்கம்மாதான், அதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. விழுந்து கும்பிட்டேன். எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் மறுபடி திட்டினேன்.

"என் வாயப் பொத்தினவ பொண்ண ஏண்டி உட்டுட்ட? ஒரு படுக்கைக்கு இருந்தது அடுத்த படுக்கைக்கு ஏன் இல்ல?"

யாரும் என் வாயைப் பொத்தவில்லை. இப்போது அந்த டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்கிறேன், ஆஸ்பத்திரிப் பெரியவர்களையும் கேட்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. ஆனால் என் கெங்கம்மா கேட்டால் பதில் சொல்கிறவள். உங்களுக்குக் கஷ்டம் வந்தால் நீங்களும் அவளை நம்புங்கள். பயப்படாமல் திட்டுங்கள். அடுத்த ஜாத்திரைக்கு வந்து என் பக்கத்தில் நின்று அந்த ஏர்பேட்டுப் பெண்ணுக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு முன்னால் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால், தயவுசெய்து கையைக் கழுவிக்கொண்டு போங்கள்.